ரேடியேட்டரில் பன்னீர்

திருவொற்றியூர்,
திங்கட்கிழமை.

மதிப்புக்கும் பாசத்துக்கும் உரிய பெரிய மச்சான் சுடலைராஜ் அவர்களுக்கு, தங்கள் தங்கை தங்கபுஷ்பத்தின் வீட்டுக்காரன் தவசிமுத்து கைகூப்பி எழுதிக்கொண்டது. திசையன்விளையில் தாங்களும் வீட்டாரும் கடையும் தோட்டத்து முருங்கையும் சுகமாக இருக்க அம்பாள் துணை நிற்கட்டும். இங்கே எல்லோரும் நலம் என்று எழுதுவது முறை என்பதால் நானும் எழுதுகிறேன். அது உண்மையா என்பது புதன்கிழமை மகள் ராமசெல்வி புனேயிலிருந்து வந்து இறங்கிய பிறகுதான் தெரியும்.

கையில் போனை வைத்துக்கொண்டு இவன் ஏன் கடுதாசி எழுதுகிறான் என்று நினைப்பீர்கள். வீட்டில் போன் பேசினால் தங்கள் தங்கை அடுப்படியில் இருந்தபடியே பதில் சொல்லுவாள். ராயபுரம் கடையில் பேசினால் லோடுமேன்கள் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள். அதனால்தான் தங்கள் கடைக்கு அனுப்புகிற நீலக் கயிற்றுக் கட்டுக்குள் இதைச் செருகி இன்றைக்கே பஸ் பார்சலில் போட்டுவிடுகிறேன். படித்ததும் கிழித்துவிடுங்கள். எனக்குப் போன் செய்தால் "கயிறு வந்து சேர்ந்தது" என்று மட்டும் சொல்லுங்கள், நான் புரிந்துகொள்வேன்.

விஷயம் அந்த வண்டியைப் பற்றியது. போன பொங்கலுக்கு வந்திருந்தபோது குடோனில் தார்ப்பாய் போர்த்தி நின்றதைப் பார்த்து, "என்ன மாப்ள, கன்னுக்குட்டியவா கட்டிப் போட்டிருக்கீரு" என்று கேட்டீர்களே, அதுதான். அறுபது வருஷத்துக்கு முந்தி இங்கிலாந்துக்காரன் செய்த கார். கோத்தகிரிப் பக்கம் ஏதோ எஸ்டேட்டில் கோழி அடைந்து கிடந்ததை ராமசெல்வி வாங்கி வந்தாள். அவள் எண்ணூரில் ஒரு லாரி கம்பெனியில் டெஸ்டிங் இன்ஜினியர் என்பது தங்களுக்குத் தெரியும். நாள் முழுக்க லாரியை ஓட்டிப் பார்த்து இது சரியில்லை அது சரியில்லை என்று சொல்வதற்குச் சம்பளம் வாங்குகிற பிள்ளை, ஞாயிற்றுக்கிழமையாவது ஒரு படம் பார்ப்போம், தூங்குவோம் என்று இருக்கக் கூடாதா? இல்லை. அதை ராலி வண்டியாக மாற்றினாள். கூரையைக் கழற்றி எடுத்துவிட்டாள். சீட்டு இரண்டே இரண்டு. சீட்டுக்குப் பின்னால் வளைத்த இரும்புக் குழாய் ஒன்று நிற்கிறது. எதற்கு என்று கேட்டேன். வண்டி குட்டிக்கரணம் போட்டால் தலை தப்பிக்க என்றாள். போடுமா என்று கேட்டேன். போடாதுப்பா, ஒருவேளை போட்டா, என்றாள். அன்றையிலிருந்து எனக்குச் சரியான தூக்கம் இல்லை. முன்னால் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு நாலு லைட்டு. பானெட் பறந்துவிடாமல் இருக்கத் தோல் வார். என்ஜினைப் பிரித்து, தேய்த்து, மாட்டி, விரட்டினால் சொகுசாகப் போகும், மெதுவாகப் போனால் இருமும் என்கிற பக்குவத்துக்குக் கொண்டுவந்திருக்கிறாள். உட்கார்ந்தால் தோளுக்கு இரண்டு, இடுப்புக்கு இரண்டு என்று நாலு பட்டை வந்து வயிற்றுக்கு நடுவில் ஒரு வட்டப் பூட்டில் மாட்டிக்கொள்ளும். இந்தப் பூட்டைத் தயவுசெய்து ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ராலி என்றால் யார் வேகமாகப் போகிறார்களோ அவர்களுக்குப் பரிசு என்றுதான் நான் நினைத்தேன். பழைய வண்டி ராலி அப்படி இல்லையாம். இன்ன இடத்துக்கு இன்ன நேரத்தில் வர வேண்டும் என்று சொல்லிவிடுவார்களாம். முந்தி வந்தாலும் குற்றம், பிந்தி வந்தாலும் குற்றம். அதற்கு இடது சீட்டில் ஒருவர் கடிகாரத்தையும் வழிப்படத்தையும் மடியில் வைத்துக்கொண்டு, மெதுவா, இப்ப விரட்டு, அடுத்தது லெஃப்ட் என்று சொல்லிக்கொண்டே வர வேண்டும். அந்த வேலையை ராமசெல்வியின் தோழி, காசிமேட்டு ரெஜினா செய்து வந்தாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை பாண்டிச்சேரி வரைக்கும் ராலி, ரெஜினாவுக்கோ டைபாய்டு. ராமசெல்வி என்னைக் கேட்டாள். முழங்கால் வலிக்கிறது என்று சொன்னேன். அவள் என் முழங்காலைப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள். உண்மையைத் தங்களிடம் சொல்வதற்கு என்ன? அந்த வண்டியில் உட்கார்ந்தால் நம் தலையும் டிரெய்லர் லாரியின் சக்கரத்து நட்டும் ஒரே உயரத்தில் இருக்கும். கன்டெய்னர் வண்டிகள் இரவு பகலாக ஓடுகிற இந்த ஊரில் பெற்ற பிள்ளை அந்த உயரத்தில் போய்வருகிறாள். அவள் திரும்பி வந்து குடோன் ஷட்டரை இறக்குகிற சத்தம் கேட்கும்வரை நான் சாப்பிடுவதில்லை.

இன்னொரு தொந்தரவையும் சொல்ல வேண்டும். வண்டிக்குக் கூரை இல்லையென்றால் நம் ஜனங்களுக்கு ஒரே அர்த்தம்தான், அது ஊர்வல வண்டி. மாப்பிள்ளை அழைப்புக்குக் கேட்டார்கள். மஞ்சள் நீராட்டுக்குக் கேட்டார்கள். பக்கத்துத் தெரு ஜேக்கப் தன் மாமனார் ரிட்டையர் ஆகி ஆபீசிலிருந்து வீடு வருவதற்குக் கேட்டார். எல்லோரையும் ராமசெல்வி சிரித்த முகமாக என்னிடம் அனுப்புவாள். நான் வண்டியில் பிரேக் இல்லை என்று சொல்லி அனுப்பிவிடுவேன். முடியாது என்று சொல்வதில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு, தங்களுக்கே தெரியும்.

போன வாரம் அவள் கம்பெனி வேலையாகப் புனே போனாள். மறுநாளே கிருஷ்ணப்பன் வந்தார். ராயபுரத்தில் நம் கடைக்குக் கயிறும் தார்ப்பாயும் ஏற்றி இறக்குகிற லோடுமேன்களுக்கெல்லாம் அவர்தான் தலைவர், வியாசர்பாடிக்காரர். அவர் மகன் பீம்ராவ் பெரம்பூர் ரயில்வே ஒர்க்ஷாப்பில் பிட்டர். பெண் அத்திப்பட்டு, பெயர் செங்கொடி. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நம் திருவொற்றியூர் மண்டபத்தில் கல்யாணம் என்று பத்திரிகை வைத்தார். நானும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். பிறகுதான் கேட்டார், வண்டி வேண்டும் என்று. பிரேக் இல்லை என்றேன்.

"பிரேக்கு கீது நைனா," என்றார். "பாப்பா டெய்லி போயி வந்துகினுதான கீது. எனுக்குக் கண்ணாலம் ஆனப்போ மீன்பாடி வண்டில இட்டுகினு போனாங்கோ. முன்னாடி ஐஸ் பொட்டி, பின்னாடி நான். ஐஸு கரைஞ்சி வேட்டியெல்லாம் ஈரம். எம்புள்ள தொறந்த காருல போவணும் நைனா. ரோட்ல நாலு பேரு நின்னு பாக்கணும்."

ராமசெல்வியைக் கேட்க வேண்டுமே என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "பாப்பாவ வுடு. நீ இன்னா சொல்றே?" என்றார்.

மச்சான், நீ என்ன சொல்கிறாய் என்று என்னை யாரும் கேட்டு ரொம்ப காலமாகிறது. வீட்டில் தங்கள் தங்கை கேட்கிற வழக்கம் கிடையாது. கடையில் விலையை நான் சொல்கிறேன் என்றாலும் அதை மார்க்கெட்டுதான் முடிவு செய்கிறது. திடீரென்று ஒரு மனிதர் எதிரே நின்று அப்படிக் கேட்டதும் எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன். சொன்னது வாய்தான். அவர் தெருமுனை திரும்புவதற்குள் வாசலுக்கும் குடோனுக்கும் நான் இரண்டு தடவை நடந்துவிட்டேன். தங்கள் தங்கை அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "புள்ள வந்து கேட்டா நீங்களே பதில் சொல்லிக்கிடுங்க, என்னை இழுக்காதீய" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

நேற்று சாயங்காலம் வண்டி குடோனை விட்டு வெளியே வந்தபோது எனக்கே அடையாளம் தெரியவில்லை. நாலு லைட்டுக்கும் கலர்த் தாள் சுற்றியிருந்தார்கள். குழாய் முழுக்க மல்லிகைச் சரம். பானெட்டில் ராமசெல்வியின் ராலி நம்பர் இருந்த இடத்தில் "பீம்ராவ் – செங்கொடி" என்று தெர்மகோல் எழுத்து ஒட்டியிருந்தது, அதுவும் நல்ல கெட்டிப் பசை போட்டு. ஓட்டுவதற்குக் கிருஷ்ணப்பனின் மச்சான் அன்புமணி. ஹார்பருக்குக் கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டுகிறவர், வாட்டசாட்டமான ஆள். மாடி உயரத்தில் உட்கார்ந்து ஓட்டியே பழகியவர், இந்தச் சீட்டுக்குள் இறங்கியதும் முகம் மாறிப்போய், "இன்னா நைனா, ரோட்ல குந்திகினு கீற மாரி கீது" என்றார். அப்போதே நிறுத்தியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன்? இரண்டு நிபந்தனை போட்டேன். ஒன்று, நானும் கூட வருவேன். இரண்டு, மாப்பிள்ளை பெல்ட் போட வேண்டும். மனுஷர் நடக்கிற வேகத்தில் போகிற வண்டிக்கு எதற்கு பெல்ட் என்று எல்லோரும் சிரித்தார்கள். பெல்ட் இல்லாமல் வண்டி நகராது என்று பிடிவாதமாக நின்று, பீம்ராவின் நீலக் கோட்டுக்கு மேலே, ரோஜா மாலைக்குக் கீழே, என் கையாலேயே நாலு பட்டையையும் இழுத்து மாட்டினேன். பூட்டு "டிக்" என்றது. அந்தச் சத்தத்தில்தான் எனக்கு நாள் முழுவதிலும் ஒரு நிம்மதி கிடைத்தது, வினையும் அதிலேயே இருந்தது. நான் சீட்டுக்குப் பின்னால் ஸ்டெப்னி டயர் மேலே ஏறி உட்கார்ந்து இரும்புக் குழாயைப் பிடித்துக்கொண்டேன்.

பீம்ராவுக்குப் பெயர் தந்த தலைவரின் சிலைக்கு மாலை போட்டுவிட்டு மண்டபத்துக்கு ஊர்வலம் கிளம்பியது. முன்னால் பேண்டு செட்டு, பிறகு பெண்கள், பிறகு நாங்கள். மெதுவாகப் போனால் இருமும் என்று சொன்னேனே, இருமியது. இருமி, பின்னால் குழாய் வழியாக "படார்" என்று வெடித்தது. பேண்டு செட்டுக்காரர்கள் வெடி போடுகிறார்கள் என்று நினைத்து அடியை இன்னும் உசுப்பினார்கள். ஒவ்வொரு வெடிக்கும் நான் டயரிலிருந்து எழும்பி உட்கார்ந்தேன். கொஞ்ச தூரத்தில் பானெட்டிலிருந்து ஆவி வந்தது. தண்ணீர் தண்ணீர் என்று கத்தினேன். பக்கத்தில் தண்ணீர் இல்லை. மண்டப வாசலில் தெளிப்பதற்காகப் பெண்கள் ஒரு கேனில் பன்னீர் கொண்டுவந்திருந்தார்கள். அன்புமணி அதை வாங்கி ரேடியேட்டரில் ஊற்றிவிட்டார். தெருவே மணத்தது. வண்டி மட்டும் ஆறவில்லை. "நின்னா கொதிக்கும் நைனா, ஓட்னா ஆறும். ஒரே ரவுண்டு" என்றார் அன்புமணி. நான் வேண்டாம் என்று சொல்வதற்காக வாயைத் திறந்தேன். திறந்த வாயில் காற்று அடைத்தது. அதற்குள் பேண்டு செட்டைத் தாண்டி, மண்டபத்தையும் தாண்டி, எண்ணூர் விரைவுச் சாலைக்கு வந்துவிட்டோம்.

விரட்டினால் சொகுசாகப் போகும் என்று அவள் சொன்னது பொய்யில்லை. இருமல் நின்றுவிட்டது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் கன்டெய்னர்கள். ஒவ்வொரு சக்கரமும் என் காதுக்குப் பக்கத்தில் சுற்றியது. நான் கண்ணை மூடிக்கொண்டு முருகா என்றேன், மாதாவே என்றேன், மாப்பிள்ளை வீட்டார் கும்பிடுகிற புத்தரையும் கூப்பிட்டேன். திறந்து பார்த்தால் வண்டி நிற்கிறது. முன்னால் ஒரு டிரெய்லர். பின்னால் ஒரு டிரெய்லர். இடப்பக்கமும் ஒன்று. வலப்பக்கம் நடுச்சுவர். என்ன நடந்தது தெரியுமா? அந்த ரோட்டைக் கண்டதும் அன்புமணியின் கை பழக்க தோஷத்தில் வண்டியைக் கொண்டுபோய் ஹார்பர் கேட்டுக்குக் காத்திருக்கிற கன்டெய்னர் வரிசையில் சேர்த்துவிட்டது. அந்த வரிசைக்குள் ஒருதடவை போய்விட்டால் ஹார்பர் வழியாகத்தான் வெளியே வரலாம், அதற்கு மறுநாள் காலைகூட ஆகும் என்பதை அவரேதான் எங்களுக்கு விளக்கிச் சொன்னார்.

இதில் மோசம் எதுவென்றால், பின்னால் நின்ற டிரெய்லர் டிரைவருக்கு நாங்கள் கண்ணில் படவே இல்லை. அவர் உயரத்திலிருந்து பார்த்தால் முன்னால் காலி இடம். காலி இடம் என்றால் முன்னேறுவார். டிரெய்லர் ஒருமுறை உறுமி ஒரு முழம் நகர்ந்தது. நான் டயர் மேலேயே எழுந்து நின்று, பீம்ராவின் கழுத்து மாலையை உருவி, தலைக்கு மேலே தூக்கி ஆட்டினேன். டிரைவர் எட்டிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு என்ஜினை நிறுத்திவிட்டார். நான் மாலையை இறக்கவில்லை.

போன் அடிக்கத் தொடங்கியது. பெண் வீட்டார் காத்திருக்கிறார்கள், பேண்டு செட்டு மண்டப வாசலில் மாப்பிள்ளை இல்லாமல் வாசிக்கிறது, மாப்பிள்ளை காரோடு ஓடிவிட்டான் என்று அத்திப்பட்டு ஆட்கள் பேச ஆரம்பித்துவிட்டார்கள் என்று கிருஷ்ணப்பன் சொன்னபோது அவர் குரலே சரியில்லை. நல்ல நாளும் அதுவுமாக ஒரு மனுஷரை நாலு பேர் முன்னால் தலைகுனிய வைத்துவிட்டேனே என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. நான் இறங்கி நடந்தே போய்விடுகிறேன் என்றான் பீம்ராவ். சரி என்று பூட்டை அமுக்கினோம். திறக்கவில்லை. இழுத்தோம். தட்டினோம். அன்புமணி இரண்டு கட்டைவிரலாலும் அமுக்கியதில் பீம்ராவுக்கு மூச்சு முட்டியதே தவிர பூட்டு அசையவில்லை. என்னத்துக்கு இவ்வளவு இறுக்கிக் கட்டினாய் என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. நானே கேட்டுக்கொண்டேன்.

"அறுத்துர்லாம் நைனா," என்று அன்புமணி இடுப்பிலிருந்து கத்தியை எடுத்து நீட்டினார். தார்ப்பாய்க் கயிறு அறுக்கிற கத்தி, நம் கடைச் சரக்கு. நான் வாங்கினேன்.

மச்சான், இதைத் தங்களிடம் மட்டும் சொல்கிறேன். ராலியில் கிளம்புவதற்கு முன்னால் பெல்ட்டைத்தான் முதலில் சோதிப்பார்கள், ஒரு நூல் அறுந்திருந்தாலும் வண்டியை விட மாட்டார்கள் என்று ராமசெல்வி எப்போதோ சொன்னது அந்த நேரத்தில் ஞாபகம் வந்தது. ஒரே இழுப்பு. ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டில் இருப்பாள். நான் வேளாவேளைக்குச் சாப்பிடுவேன். கேட்டால் கல்யாண மாப்பிள்ளையைக் காப்பாற்ற அறுத்தேன் என்று சொல்லலாம், ஊரே மெச்சும். கத்தியைப் பட்டையில் வைத்தும் விட்டேன். அப்புறம் அவள் அறுந்த பட்டையைக் கையில் எடுத்துப் பார்க்கிற முகம் கண்ணுக்கு முன்னால் வந்தது. அவள் கோபப்பட மாட்டாள். பரவாயில்லப்பா என்பாள். அந்தப் பரவாயில்லையைக் கேட்க எனக்குத் தைரியம் போதவில்லை. கத்தியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அவளுக்குப் போன் போட்டேன்.

ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னேன். "நீங்க எங்கப்பா உக்காந்திருக்கீங்க?" என்றாள். ஸ்டெப்னி மேலே என்றேன்.

"அமுக்காதீங்க," என்றாள். "பூட்ட வட்டமாத் திருப்புங்க."

திருப்பினேன். நாலு பட்டையும் தன்னால் விழுந்தன. சரிப்பா, நான் வரேன், என்று சொல்லி வைத்துவிட்டாள். திட்டியிருந்தால் பயம் தீர்ந்திருக்கும். அந்தச் "சரிப்பா" இப்போது வரைக்கும் என் வயிற்றுக்குள் உட்கார்ந்திருக்கிறது.

பெல்ட் கழன்றதும் இறங்கு ராஜா, ஓடு என்றேன். பீம்ராவ் இறங்கவில்லை. நல்ல பிள்ளை, அதிகம் பேசாதவன். "எங்க நைனா காருல வரச் சொன்னாரு. காருலயே வரேன்" என்று உட்கார்ந்துகொண்டான். அன்புமணி எழுந்து நின்று இரண்டு விரலை வாயில் வைத்து விசில் அடித்தார். முன்னும் பின்னும் அவருக்குத் தெரிந்த டிரைவர்கள்தான். ஒருவர் முன்னே ஒரு அடி நகர்ந்தார், ஒருவர் பின்னே ஒரு அடி ஒதுங்கினார், நடுச்சுவரில் வழி இருந்த இடம் வரைக்கும் ஒரு சந்து பிறந்தது. அதன் வழியாக வண்டி நுழைந்து மறுபக்கம் திரும்பியதும் வரிசையில் நின்ற அத்தனை டிரெய்லரும் ஏர் ஹாரன் அடித்தன. அந்தச் சத்தம் மண்டபம் வரைக்கும் கேட்டதாம். ரோட்டில் நாலு பேர் இல்லை, கண்ணுக்கு எட்டுகிற வரைக்கும் டிரைவரும் கிளீனரும் இறங்கி நின்று பார்த்தார்கள். மண்டப வாசலில் செங்கொடி பட்டுப்புடவையோடு நின்றுகொண்டிருந்தாள். எங்கே போயிருந்தாய் என்று மாப்பிள்ளையைக் கேட்டாள். ஹார்பர் கியூவில் என்றான். கன்டெய்னரை இறக்கிவிட்டாயா என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். அவள் சிரித்ததும் அத்திப்பட்டு ஆட்களும் சிரித்துவிட்டார்கள். கிருஷ்ணப்பன் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். பிடித்த கையை விடாமல் பந்திக்கு இழுத்துப் போனார். பிரியாணி நன்றாக இருந்தது என்றார்கள். நான் வாயில் வைக்கவில்லை.

வண்டி இப்போது குடோனில் தார்ப்பாய்க்கு அடியில் இருக்கிறது. ரேடியேட்டரில் பன்னீர். காற்று இழுக்கிற வாயில் மல்லிகைப் பூ. ஒரு லைட்டு உடைந்திருக்கிறது. நம்பர் இருந்த இடத்தில் "பீம்ராவ் – செங்கொடி". சுரண்டிப் பார்த்தேன், பெயிண்டும் சேர்ந்து வருகிறது, விட்டுவிட்டேன். சாவியைத் திருப்பினால் பெருமூச்சு விடுகிறது, ஸ்டார்ட் ஆகவில்லை.

ஆகவே தங்களிடம் மன்றாடிக் கேட்டுக்கொள்வது என்னவென்றால், கடிதம் கண்டதும் எந்த பஸ்ஸாவது ஏறிப் புதன்கிழமை விடியுமுன் வந்துவிடுங்கள். அவள் யார் சொல்லை மீறினாலும் தாய்மாமன் சொல்லை மீற மாட்டாள். காது குத்தியது தங்கள் மடியில், அழுது முடித்ததும் தங்கள் சட்டைப் பையில் கைவிட்டு மிட்டாய் எடுத்த பிள்ளை. வண்டியைக் குடுக்கச் சொன்னதே நான்தான் என்று தாங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், மீதியை அம்பாள் பார்த்துக்கொள்வாள். அப்படியே, இந்த ராலியெல்லாம் வேண்டாம், பாண்டிச்சேரிக்கு பஸ் இருக்கிறது என்றும் சொல்லிவையுங்கள். லாரி ஓட்டட்டும், நான் தடுக்கவில்லை, லாரியில் உயரமாவது இருக்கிறது.

பெரியவர்களுக்கு என் வணக்கமும் சின்னவர்களுக்கு ஆசியும் சொல்லவும். கயிறு ஈரமாக வந்திருந்தால் வெயிலில் போட்டு எடுக்கவும்.

என்றும் தங்கள் நிழலில் நிற்கும்,
தவசிமுத்து.

பின்குறிப்பு: தாங்கள் வர வேண்டாம். உறையை ஒட்டுகிற நேரத்தில் குடோன் ஷட்டர் சத்தம் கேட்டது. புதன்கிழமை வர வேண்டியவள் பிளேன் பிடித்து இன்றைக்கே வந்துவிட்டாள். போய்ப் பார்த்தேன். தார்ப்பாயை எடுத்துவிட்டுச் சுற்றி வந்து, மூக்கை உறிஞ்சி, பன்னீரா என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன். கீழே படுத்துப் பன்னீரைத் திறந்துவிட்டாள், பூவையெல்லாம் எடுத்தாள், வண்டி ஸ்டார்ட் ஆகிவிட்டது. வண்டியைக் குடுக்கச் சொன்னது உன் தாய்மாமன்தான் என்று நானே சொல்லிப் பார்த்தேன். அவள் சிரித்துவிட்டாள். அவள் புனே போவதற்கு முன்னாலேயே கிருஷ்ணப்பன் அவளைக் கேட்டிருக்கிறார் மச்சான். அப்பா சரின்னா எடுத்துக்கோங்க என்று சொல்லியிருக்கிறாள். "நீங்க முடியாதுன்னு சொல்லிடுவீங்கன்னு நெனச்சுதாம்ப்பா அனுப்பினேன்," என்றாள். "எனக்கு அப்படிச் சொல்ல வாய் வராது." நான் பயந்தாங்கொள்ளி என்பதை நம்பி இத்தனை நாளும் அவள் ஊர்வலக்காரர்களையெல்லாம் என்னிடம் அனுப்பியிருக்கிறாள். ஒரே ஒரு தடவை ஏமாற்றிவிட்டேன்.

கத்தி என் கையில் இருந்ததை அன்புமணி யாரிடமோ சொல்லி, அது அவள் காதுக்கும் வந்திருக்கிறது போலிருக்கிறது. நாலு பட்டையையும் விரலால் ஓரம் முழுக்கத் தடவிப் பார்த்தாள். ஒரு நூல்கூட அறுந்திருக்கவில்லை. முழங்கால் எப்படி இருக்குப்பா என்று கேட்டாள். பரவாயில்லை என்று சொல்லிவிட்டேன்.

பானெட்டில் அந்தப் பெயர்கள் அப்படியே இருக்கட்டும் என்கிறாள், நம்பரைக் கதவில் எழுதிக்கொள்ளலாமாம். இதை நான் இடது சீட்டில் உட்கார்ந்து மடியில் வைத்து எழுதுகிறேன், எழுத்துக் கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். ஞாயிற்றுக்கிழமை ராலிக்குக் கடற்கரை ரோட்டில் ஒரு ஒத்திகை பார்த்துவிட்டு வரும் வழியில் பார்சலில் போடப் போகிறோம். தங்கள் தங்கை வாசலில் நின்று திருஷ்டி கழிக்கிறாள். பயம் நேற்று இருந்த அளவுக்கே இருக்கிறது, கொஞ்சமும் குறையவில்லை. பெல்ட்டை அவளே மாட்டினாள். வட்டமாகத் திருப்பினால் கழன்றுவிடும் என்று எனக்குத் தெரியும், மச்சான். திருப்பவில்லை.